பெர்மெத்தை யார் கூப்பிடுவது?

கறிக்கடையில் போய், "கத்துறது ஒரு கிலோ குடுங்க" என்று ஐனோ கேட்டாள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடேயப்பா! பின்லாந்துலேர்ந்து வந்து நம்ம ஜிபார் டீச்சர் வீட்டுக்கு இன்னொரு மருமகளாவே ஆயிட்டியேம்மா!"

ஐனோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டுக்குட்டிக்குக் கிர்கிஸ் மொழியில் அதுதான் பேர் என்று நினைத்திருந்தாள். ஜிபார் அக்கா அப்படித்தானே சொல்கிறாள்?

ஜிபார் அப்படித்தான் சொல்வாள். அவள் கணவனுக்கு அண்ணன் பேர் கோசுபெக். கோசு என்றால் ஆட்டுக்குட்டி. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பேரை மருமகள் வாய் திறந்து சொல்லக்கூடாது, பேருக்குள் இருக்கிற சொல்லைக்கூடச் சொல்லக்கூடாது. கட்டினவன் பேரைச் சொல்லாத மகராசிகள் எந்த ஊரில் இல்லை? இங்கே அது குடும்பம் முழுக்கப் பரவியிருந்தது, அவ்வளவுதான். பட்டணத்துப் பெண்கள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். நரின் ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊர்தான் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது.

இருபத்துமூன்று வயது ஐனோ, மூன்று மாதத்துக்கு, ஒன்றாம் வகுப்பில் ஜிபாருக்குச் சம்பளமில்லாத உதவியாளாக வந்திருந்தாள். பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது, கை பிடித்து எழுத வைப்பது, கடைசி அரை மணி நேரம் ஆங்கிலப் பாட்டு. தங்குவது ஜிபார் வீட்டில். ஜிபாரின் கணவன் சுரங்கத்தில் பதினைந்து நாளும் வீட்டில் பதினைந்து நாளுமாக இருப்பவன். மற்றபடி வீட்டை ஆள்வது மாமியார்தான். அறுபது வயதிலும் மூன்று மாடு கறந்து, சந்தையில் பாலேடு விற்று, ஊரையே ஒரு மிரட்டு மிரட்டுகிறவள். ஊரே அவளைப் பாலேட்டம்மா என்றது. ஐனோ 'அம்மா' என்றாள்.

ஐனோ வருவதற்கு முந்தின மாதம், ஜனவரியில், ஒரு சிக்கல் வகுப்புக்குள் நடந்து வந்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் எல்னூராவின் மகள். ஏழு வயது. பேர் பெர்மெத்.

மாமியார் பேரும் அதுவேதான்.

பெர்மெத் என்றால் முத்து. ஜிபார் ஒரு நிமிடம் யோசித்தாள். முத்துக்குப் பக்கத்தில் இருப்பது மணி. மணிக்குக் கிர்கிஸில் மொன்ச்சோக். "வாடா மொன்ச்சோக்" என்றாள். எத்தனையோ வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பேர்தான். குழந்தை சிரித்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்துவிட்டாள் ஜிபார். பிப்ரவரியில் ஐனோ வந்தபோது வகுப்பில் எல்லார் வாயிலும் அந்தப் பிள்ளை மொன்ச்சோக்தான்.

மே மாதம் எழுத்துத் திருவிழா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்து முழுக்கக் கற்று முடித்ததற்கு ஊரே கூடிக் கொண்டாடும். டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, பிள்ளை மேடையேறி, தன் பேர் எழுதின அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அட்டை செய்கிற வேலை ஐனோவுடையது. பத்தொன்பது அட்டை. ஓரத்தில் பூ, பறவை எல்லாம் வரைந்து, மாதிரிக்கு ஒருநாள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் எல்னூரா வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டாள். ஒரு கையில் மகள், மறு கையில் அட்டை.

"இது என்ன டீச்சர்? மொன்ச்சோக்! என் பொண்ணுக்கு நான் பேர் வைக்கலையா? கூப்பிடுறது செல்லப் பேர்னு சும்மா இருந்தேன். எழுத்துலயும் ஏத்திட்டீங்களே!"

ஐனோவின் முகம் சிவந்துபோனது. "என் தப்பு. நான் எழுதினது. மன்னிச்சிடுங்க, அக்கா, என் தப்பு" என்று தனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஜிபார் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்நியப் பெண் தலையில் விழுகிற பழி அங்கேயே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பின்னால் வெட்கப்பட்டதற்கு அளவே இல்லை.

எல்னூரா விடவில்லை. "அந்தப் பொண்ணு வெளியூரு, அதுக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க. என் மக பேர் என்ன?"

ஜிபார் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். கையால் எழுதுவதற்குத் தடையில்லை.

"எழுத வருது, சொல்ல வராதா?"

"எங்க அத்தை பேரும்மா அது..."

"உங்க அத்தைக்காக என் புள்ள பேரை முழுங்குவீங்களா? நல்லா இருக்கே நியாயம்!" எல்னூராவின் குரல் உடைந்தது. "நேத்து ராத்திரி இவ என்ன சொன்னா தெரியுமா? 'டீச்சருக்கு என் பேர் புடிக்காதும்மா, அது அசிங்கமான பேர் போல'ன்னு. ஏழு வயசு டீச்சர்! திருவிழா முடியட்டும். நரின் டவுன்ல எங்க அக்கா வீட்டுல விட்டு அங்கயே படிக்க வெச்சுக்கறேன்."

குழந்தை தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்து வருடம் ஒன்றாம் வகுப்பு நடத்தியவள் ஜிபார். ஒரு பிள்ளையைக்கூட அவள் இப்படி நிற்க வைத்ததில்லை.

மதியம் பிள்ளைகள் போன பிறகு ஐனோ கேட்டாள். "அக்கா, நான் அவகிட்டயே கேட்டேன். உன் பேர் என்ன? அவதான் மொன்ச்சோக் சொன்னா. நான் நம்பினேன். ஏன் என்கிட்ட சொல்லல நீங்க?"

"சொல்லியிருக்கணும். உன் தப்பில்ல கண்ணு, அத்தனையும் என் தப்பு. எல்னூராகிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன்."

"எங்க ஊர்ல டீச்சரையே பேர் சொல்லிக் கூப்பிடுவோம்."

"அடி ஆத்தி! அடிக்க மாட்டாங்களா?"

ஐனோ சிரித்துவிட்டாள். பிறகு யோசித்து, "திருவிழால நான் பேர் படிக்கறேனே? எனக்கு மாமியார் இல்ல" என்றாள்.

நல்ல வழிதான். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய வழி. ஜிபாருக்கும் ஆசை வந்தது. ஆனால் தலையாட்டி மறுத்தாள்.

"நீ அடுத்த வாரம் விமானம் ஏறிடுவ. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைய யாரு கூப்பிடுவா?"

அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் மாமியார் கறந்துகொண்டிருந்தாள். ஜிபார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, வகுப்புல ஒரு புள்ள பேரை நான் சொல்லணும்."

"சொல்லேன். நானா வாயைப் பொத்துறேன்?"

"அது... உங்க பேரு."

பால் பீய்ச்சுகிற சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

"என் மாமியாரைப் புதைச்ச அன்னிக்குக்கூட அவங்க பேர் என் வாயில வரல. தெரியுமா?"

"தெரியும் அத்தை. ஆனா அந்தப் புள்ள தன் பேரையே அசிங்கம்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"என் பேரா அசிங்கம்? எவ சொன்னா?" கிழவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள். "வகுப்புக்குள்ள வேணா சொல்லிக்க. நான் பார்க்கப்போறதில்ல. திருவிழால ஊர் முன்னால சொன்னியோ, மருமகளை அடக்கத் தெரியாதவன்னு என்னைத்தான் சிரிப்பாங்க. முப்பது வருஷமா இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கறேன். நகரு, மாடு மிரளுது."

மாடு மிரளவே இல்லை.

திருவிழா அன்று கூடத்தில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில் வெள்ளைத் தலைத்துணி கட்டி, வைக்கவேண்டியவர்களை வைக்கவேண்டிய இடத்தில் வைக்கிற முகத்தோடு மாமியார். நான்காவது வரிசையில் எல்னூரா. முதல்நாளே ஜிபார் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள். எல்னூரா தேநீர் கொடுத்தாள், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஐனோ மேடையோரத்தில் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பதினோரு பிள்ளைகள் வந்து படித்துக் கைதட்டு வாங்கிப் போனார்கள். பன்னிரண்டாவது அட்டை ஜிபாரின் கைக்கு வந்தது. புதிதாக எழுதின அட்டை. மாமியாரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"பெர்மெத்!"

பின்னால் யாரோ ஒருத்தி "ஐயையோ" என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழந்தை, டீச்சர் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. வகுப்பில்கூட அதுவரை டீச்சர் வாயிலிருந்து வராத அந்தப் பேர் தன்னுடையதாக இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. மானத்தை விட்டுச் சொன்னதும் வீணா? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன!

"பெர்மெத்! வாம்மா!"

"இருக்கேன்!"

எழுந்து நின்றது மாமியார்.

கிழவி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "என்ன முழிக்கிறீங்க? என் பேருதானே? எங்கம்மா செத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் ஒருத்தி கூப்பிடுறா. எனக்கே மறந்துபோச்சு, எவ்வளவு நல்லா இருக்குன்னு." குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். "சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. நாளைக்குப் பாலேடு வாங்க எங்கிட்டதான் வரணும்!"

சிரித்தார்கள். கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். ஆனால் ஜிபார் பயந்த சிரிப்பு அது இல்லை.

கிழவி மூன்றாவது பெஞ்சுப் பிள்ளையிடம் போய்க் கையை நீட்டினாள். "உன்னையுந்தான் கூப்பிடுறா. எழுந்திரு. முத்துன்னா சும்மாவா? வா, ரெண்டு பேரும் போவோம்."

இருவரும் மேடையேறினார்கள். ஜிபார் அழுதுகொண்டே அட்டையை நீட்டினாள். குழந்தை அட்டையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு கத்தியும் படித்தது. நான்காவது வரிசையில் எல்னூரா எழுந்து நின்று கைதட்டினாள். நரினும் அக்கா வீடும் அவள் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை.

குழந்தை இறங்கிப் போயிற்று. கிழவி இறங்கவில்லை.

"எனக்கு அட்டை?"

ஐனோ மிரண்டுபோய் ஜிபாரைப் பார்த்தாள். ஜிபார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். ஐனோ பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து, மேடையிலேயே மண்டியிட்டு, பேனாவைத் திறந்து, மூன்று மாதமாகப் பிள்ளைகளிடம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"உங்க பேர் என்ன?"

கிழவி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பெர்மெத்" என்றாள்.