மூடுபனிக்கு மேலே ஒரு முகம்

கட்டுமான இடத்தில் எல்லாருக்கும் அவள் ‘கிரேன் அக்கா’. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இரும்பு உத்தரங்களைப் பூப்போல இறக்கி வைப்பாள். ஒரு காலை, மூடுபனிக்கு மேலே சூரியன் எழுவதைப் படம் பிடித்தாள். தன் சிரித்த முகத்தையும் சேர்த்து இணையத்தில் போட்டாள்.

அதுவே வினையாகிவிட்டது. ‘கரி மூட்டையை யாருடா மேலே ஏத்தினது?’, ‘பொம்பளைக்கு அடுப்படி போதாதா?’ என்று வண்டி வண்டியாக வசை வந்தது. போதாக்குறைக்கு எவனோ அவள் படத்தைத் திருடி, அவள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, வாய் கூசும் அசிங்கத்தை எழுதினான். கூட வேலை செய்கிறவர்களே ஒருமாதிரி பார்த்தார்கள்.

“எதுக்கு இந்த வம்பு? எல்லாத்தையும் அழிச்சிடு,” என்றான் கணவன்.

“அழிக்காதீங்க அண்ணி!” என்று குறுக்கே வந்தாள் நாத்தனார். தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அண்ணிக்கும் அவளுக்கும் என்றைக்கும் ஏழாம் பொருத்தம். “அழிச்சா சாட்சியும் போயிடும். முதல்ல ஒவ்வொண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க.”

சாப்பாட்டு மேசையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பாஸ்வேர்டை மாற்ற வைத்தாள். போனுக்கு ரகசிய எண் வந்தால்தான் கணக்கு திறக்கும்படி செய்தாள். ஊர், வேலையிடம், போன் நம்பர் எல்லாவற்றையும் மறைத்தாள். சைபர் போலீசுக்குப் புகாரும் போனது. வசைகளைப் படிக்கும்போது நாத்தனாரின் கண் கலங்கியதைக் கிரேன் அக்கா அன்றுதான் பார்த்தாள்.

“கிரேன் ஓட்டற பொம்பளைங்களுக்குன்னு ஒரு குழு இருக்கு அண்ணி. உங்க விஷயத்தைச் சொல்லட்டுமா?”

“எனக்கு ஜோடியா இன்னொருத்தி இருக்காளா என்ன!” என்று சிரித்தபடி தலையாட்டினாள்.

அந்த வாரமே போலிக் கணக்கு முடக்கப்பட்டது. ஆள் யாரென்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஞாயிறு காலை நாத்தனார் போனை நீட்டினாள். அந்தக் குழுவில் கிரேன் அக்காவின் படத்துக்குக் கீழே படங்களாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பனி மூடிய துறைமுகத்துக்கு மேலே ஒருத்தி. முக்காடிட்டு, பாலைவனத்துக்கு மேலே ஒருத்தி. நரைத்த தலையோடு ஒருத்தி. அவளைவிடக் கறுப்பாக, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒருத்தி. எல்லாரும் கூண்டுக்குள்ளிருந்து, முகத்தைக் காட்டி.

கிரேன் அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளும் மேலே தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

“அடேயப்பா,” என்றாள் மெதுவாக. “உலகம் பூரா இருக்காங்களே!”

கணவன் எட்டிப் பார்த்தான். நாத்தனார் விரலால் தள்ளத் தள்ள, படங்கள் வந்துகொண்டே இருந்தன.