சிலையில் மச்சான் முகம்

ஊரே 'சூறாவளி' என்று கொண்டாடிய கால்பந்து வீரருக்கு, ஆட்டத்தை விட்ட பிறகு தொப்பை விழுந்துவிட்டது. மைதான வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை வைப்பதென்று முடிவானதும், சிற்பி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு இழுத்தார்.

"முகத்துக்குப் பழைய போட்டோ போதும் சார். உடம்புக்கு மட்டும் ஒல்லியா யாராவது வந்து நின்னா..."

ஒல்லிக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மனைவியின் தம்பி இருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பந்து உருண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ரகம். அவன் தினமும் சிற்பியின் கொட்டகையில் பந்தை உதைக்கிற மாதிரி ஒற்றைக்காலில் நின்றான்.

திறப்பு விழாவில் துணி விலகியது. கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. மூக்கு, காது, அந்தத் தூங்குமூஞ்சிச் சிரிப்பு, எல்லாமே மச்சான்.

"ஐயோ, நம்ம தம்பி!" என்று பூரித்துப்போன மனைவி, கணவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தினம் அந்த மூஞ்சியையே பாத்தேனா, கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சு சார்" என்று தலையைச் சொறிந்தார் சிற்பி.

அன்றுமுதல் மச்சான் தெருவில் இறங்கினால் செல்ஃபிதான். சலூனுக்குப் போன சூறாவளியிடமோ, புதிதாகச் சேர்ந்த முடிதிருத்துபவர் கேட்டார்: "நீங்க அந்தச் சிலைக்காரருக்குச் சொந்தமாமே?"

வீட்டுக்கு வந்து குதித்தார். "நாளைக்கே அந்தத் தலைய வெட்டி எடுக்கச் சொல்றேன்!"

"என் தம்பி தலையில கை வச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து மச்சான் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "மாமா, ஞாயித்துக்கிழமை மேட்ச்சை நான்தான் பந்தை ஒதச்சுத் தொடங்கி வைக்கணுமாம். மானம் கப்பலேறிடும். நீங்களும் வாங்களேன்."

"நல்லா வேணும்" என்று சொன்னாலும், போனார்.

நடுமைதானத்தில் மச்சான் ஓடி வந்து உதைத்தான். பந்து அசையவில்லை, அவன்தான் மல்லாந்தான். அரங்கமே கொல்லென்று சிரித்தது. சூறாவளிக்கு ஏனோ அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. தொப்பை குலுங்க இறங்கிப்போய் ஓங்கி ஒரு உதை விட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பரைத் தாண்டிப் பந்து வலைக்குள் விழுந்தது.

"சூறாவளி! சூறாவளி!" என்று கூட்டம் எழுந்து கத்தியது.

அவருக்கோ தொடை பிடித்துக்கொண்டது. காலை ஊன்ற முடியவில்லை. மச்சான் அவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு தள்ளாடினான். கொண்டாட்டம் என்று நினைத்து மேலும் கைதட்டினார்கள்.

மறுநாள் சிலை வைத்த விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். "தலைய மாத்திடலாங்களா?"

தொடையில் வெந்நீர்ப் பையோடு படுத்திருந்தவர், மச்சானை ஒருமுறை பார்த்தார்.

"வேணாம், விடுங்க. அவனுக்கு ஒதைக்கத்தான் வரல, நிக்கவாவது செய்யட்டும்."