டிப்சுவின் படகில் ஒரு கை

பூங்கொத்தைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அட்டையில் எழுதியிருப்பதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும்; அது அந்த ஊர் வழக்கம். ராய்லி வாசித்தாள். "அப்பாவுக்கு, ராய்லியும் கௌகோவும்." அவ்வளவுதான். பிறவியிலேயே வளைந்திருந்த இடது கைச் சுண்டுவிரலில் நாடா சிக்கிக்கொண்டது. உருவி எடுத்துவிட்டுக் கணவன் கௌகோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உறவுக்காரர்களோடு வரிசை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முன்பின் தெரியாத ஐம்பது வயதுக்காரர்கள் காலணியில் பனியோடு ஒவ்வொருவராக வந்தார்கள். தினமும் சாயங்காலம் எங்களுக்குக் குட்நைட் சொன்னதற்கு நன்றி என்று பெத்தெரி என்ற பஸ் டிரைவர் வாசித்துவிட்டு அழுதார். ராய்லிக்கு வயிறு எரிந்தது. இந்த ஆளுக்குச் சொன்னவர் எனக்கு எப்போது சொன்னார்?

அப்பா தொலைக்காட்சிக்காக டிப்சு என்ற நீர்நாயைக் காகிதத்தில் வெட்டி, கேமராவுக்கு அடியில் மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடித்தவர். அதற்குக் குரலும், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பிள்ளைகளுக்குக் குட்நைட் சொல்லும் குரலும் அவர்தான். நாள் முழுக்க அதைக் கொஞ்சிவிட்டு வீட்டுக்கு வருகிறவரின் தொண்டையில் மிச்சம் எதுவும் இருக்காது. ஆறு வயதில் ஒரே ஒரு முறை ராய்லி அவர் படம் பிடிக்கும் அறைக்குள் நுழைந்தாள். படகில் உட்கார்ந்திருந்த டிப்சுவைக் கிழித்துப் போடத்தான் கையை நீட்டினாள். கேமரா ஒரு முறை கிளிக் என்றது. அப்பா விளக்கை அணைத்தார். அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்காரும் நேரத்தில் அவள் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். இன்றுவரை ஒரு பகுதியைக்கூடப் பார்த்ததில்லை.

அடக்கம் முடிந்து, திருச்சபைக் கூடத்தில் காப்பியும் ரொட்டியை அடுக்கிச் சால்மன் மீன் வைத்த சாண்ட்விச் கேக்கும் வந்தன. "இந்த நாட்டுலயே டிப்சு பாக்காதவ நீ ஒருத்திதான். உன்னை மியூசியத்துலதான் வைக்கணும்" என்றான் கௌகோ.

பெத்தெரி கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். டிப்சு படகு விடும் பகுதியில், கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு குழந்தையின் கை தெரியுமாம். அது யாருடையது என்று ரசிகர்களுக்குள் வருடக்கணக்காக வாக்குவாதமாம்.

"போன வருஷம் அவரையே கேட்டேன். தப்புதான், எனக்கும் தெரியும்னார். வெட்டி எறிஞ்சிருக்கலாமேன்னேன். மத்த நாளெல்லாம் நான் டிப்சு கூடத்தான் இருந்தேன், அந்த ஒரு நாள்தான் அவ வந்தா, எப்படி வெட்டுறதுன்னார். அவ யாருன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல."

போனில் அந்தக் காட்சியை நிறுத்திக் காட்டினார். காகிதப் படகின் மேல் ஒரு சின்னக் கை. சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

ராய்லி இடது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இந்த ஊரே இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. அவள்தான் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெத்தெரி மேல் முன்னைவிட அதிகமாகப் பொறாமை வந்தது.

"முதல்லேர்ந்து போடுங்க" என்றாள்.

பெத்தெரி போனைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தார். டிப்சு துடுப்புப் போட ஆரம்பித்தது. கடைசியில் அப்பா குட்நைட் சொல்லும்வரை மூன்று பேரும் காப்பியைத் தொடவில்லை.