ஹர்த்தால் நாளில் ஒரு லோடு மண்

நகரத்துக்குத் தெற்கே, ஏலா என்று அந்தப் பக்கத்தார் சொல்லும் வயல்வெளியின் ஓரத்தில், வன்னியபெருமாள் நாலு சென்ட் இடம் வாங்கியது 2007-ஆம் வருடக் கடைசியில். அப்போது அங்கே நெல் இல்லை. மரவள்ளியும் வாழையும் நின்றன. கிழக்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மறு வருடம் வயல்களை நிரப்பாமல் காப்பதற்கான சட்டம் வந்தது. அதற்குள் அடுக்குமாடிக்காரர்கள் மூன்றாம் தளத்துக்குப் போய்விட்டார்கள். வன்னியபெருமாள் அஸ்திவாரத்துக்கான கருங்கல்லை மட்டும் இறக்கியிருந்தார்.

தம்பானூரில் ஒரு லாட்ஜில் அவருக்குக் கணக்கெழுதும் வேலை. மனைவி செண்பகவல்லிக்குப் பழவங்காடியில் தேங்காய்க் கடையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் வாடகை வீடுதான். அந்த வீட்டையும் இடிக்கப்போவதாகவும், ஓணத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் வன்னியபெருமாள் வாரத்துக்கு ஒருமுறை வில்லேஜ் ஆபீஸ் படி ஏறினார். வேறு வீடில்லாதவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதை வில்லேஜ் ஆபீசரும், கிருஷி ஆபீசர் என்கிற விவசாய அதிகாரியும் உள்ள கமிட்டி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கமிட்டி எப்ப சார் கூடும்?"

"கிருஷி ஆபீசர் மாறிப் போயி, அண்ணாச்சி. புதிய ஆள் வரணும். வந்தா கூடும்."

"அதுக்குள்ள ஓணம் வந்துருமே சார்."

"பின்னே எந்து செய்யான்? வயலெல்லாம் மண்ணிட்டு நிகத்தினா நாளைக்குக் குடிக்க வெள்ளம் வேண்டே?"

"பக்கத்துல அஞ்சு மாடி நிக்கே சார். அவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களோ?"

"அது சட்டத்துக்கு முந்தி" என்றார் வில்லேஜ் ஆபீசர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் வாடக வீட்டிலாணு, அண்ணாச்சி" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மழைக்காலத்தில் அந்த ஏலாவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதை நிரப்பினால் தண்ணீர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் சட்டம் வந்தும் மண் லாரிகள் நிற்கவில்லை என்பதும் பொய் இல்லை. அதைச் சொன்னவர் தாசையன். அவர் மார்த்தாண்டத்துக்காரர், சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்திருந்தார்.

"சட்டம் வந்து மண்ணு நிக்கல்ல அண்ணாச்சி, ரேட்டுதான் கேறிச்சு. முன்ன தெனம் அடிச்சோம். இப்பம் லீவு நாள் பாத்து அடிக்கோம். கிழக்க ஒரு மலைய இடிச்சுக்கிட்டு கெடக்கான். அத எடுத்து இங்க போடணும். மலையக் காக்கச் சட்டம் வந்தா, இதத் தோண்டி அங்க கொண்டு போடலாம்."

"வெளையாடாதீரும். மாட்டிக்கிட்டா?"

"புதன்கிழம ஹர்த்தால். ஆபீசு இல்ல, ஜீப்பு இல்ல. மறியல் பண்ணுத பிள்ளைகள்ட்ட சொல்லியாச்சு, நம்ம வண்டிய விடுவானுவ. நாலு லோடு, மத்தியானத்துக்குள்ள தீந்துரும். ஒண்ணும் பேடிக்காண்டாம். நெறச்சு மதில் கெட்டியாச்சுன்னா பெறவு ஒருத்தனும் தோண்டிப் பாக்கமாட்டான்."

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. தாசையனின் டிரைவர் உள்ளூர்க்காரன். ஹர்த்தாலுக்கு வண்டி எடுக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். வன்னியபெருமாள் அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். செண்பகவல்லி விடவில்லை. சாலைக் கடைத்தெருவில் காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி தங்கபாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நாலு தடவ போய்ட்டு வரணும், அவ்வளவுதான். ஒனக்கும் அன்னைக்கு லீவுதான?"

"சோறு போடுவியா?"

"கறி வாங்கி வைக்கேன்."

"அப்ப எட்டு தடவ போய்ட்டு வாரேன்" என்றான் தங்கபாண்டி. "அத்தான், மொட்ட மாடியில எனக்கு ஒரு ரூம்பு. இப்பமே சொல்லிட்டேன்."

புதன்கிழமை விடிந்ததும் முதல் லோடு இறங்கியது. செம்மண் தண்ணீருக்குள் சரிந்து, கருங்கல்லை மூடி, ஒரு மூலையில் குவிந்து நின்றது. செண்பகவல்லி அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். கால் புதையவில்லை. "இங்கதான் அடுப்பங்கர" என்றாள்.

இரண்டாவது லோடுக்காகத் தங்கபாண்டி காலி வண்டியோடு திரும்பிப் போனான். தாசையன் சொல்லிவைத்த பையன்கள் ஒரு முக்கில் நின்றார்கள். அதற்கடுத்த முக்கில் நின்றவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஒரு கல்தான். முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. வண்டி மின்கம்பத்தில் முட்டி நின்றபோது, எறிந்தவர்கள் ஓடிவிட்டிருந்தார்கள்.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் சாயங்காலம் சொன்னார்கள்.

போலீஸ்காரர் வருவதற்கு முன்னால் தாசையன் கணவன் மனைவி இருவரையும் மாடிப்படிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். அவருடைய சட்டையிலும் ரத்தம் இருந்தது. தங்கபாண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான்.

"கேட்டியளா, மண்ணுன்னு வாய் தொறக்கப்பிடாது. சொன்னா என் வண்டி போச்சு, ஒங்க எடமும் போச்சு. பய ஓட்டிப் பாக்கணும்னு சும்மா எடுத்தான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிச் செலவு நான் பாக்கேன்."

வன்னியபெருமாள் தலையை ஆட்டினார். செண்பகவல்லி ஆட்டவில்லை.

போலீஸ்காரர் வயதானவர். தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "ஹர்த்தால் திவசம் வண்டி எடுத்தது எதுக்கு? முதலாளி பறஞ்சு எடுத்ததா, அல்ல சொந்த இஷ்டத்துக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே" என்றார் தாசையன். "சாவி வண்டியிலதான் கெடந்துது."

"அப்ப கேட்காம எடுத்த வண்டி. கல்லெறிஞ்சவன் மேல கேஸ் எடுக்கலாம். பட்சே இன்சூரன்ஸ் ஒண்ணும் இவனுக்குக் கிட்டாது கேட்டோ." போலீஸ்காரர் வன்னியபெருமாளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த நாலு சென்ட்டைத் தவிர அவர்களுக்கு இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை.

"என் தம்பி திருடி எடுக்கல சார்" என்றாள் செண்பகவல்லி. "நான்தான் கூப்பிட்டேன். மண்ணு எங்க எடத்துக்கு. இவருதான் வண்டி தந்தாரு. ஒரு லோடு எறங்கியாச்சு, போய்ப் பாருங்க."

"ஏ செம்பகம்…" என்றார் வன்னியபெருமாள்.

"நீங்க சும்மா இருங்க. கண்ணும் போயி களவாணிப் பேரும் வேணுமா அவனுக்கு?"

தாசையன் படியிறங்கிப் போனார்.

பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. டிப்பரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கமிட்டி கூடியது, புதிய கிருஷி ஆபீசர் வந்துவிட்டிருந்தார். சட்டத்தை மீறியவருக்கு விலக்கு இல்லை என்று முடிவானது. பதினைந்து நாளில் மண்ணை அகற்றி, வயலைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. கல்லெறிந்தவன் யாரென்று தெரியவில்லை. இன்சூரன்ஸ் விஷயம் கோர்ட்டில் இருக்கிறது.

மண்ணை எடுத்துப் போக வன்னியபெருமாள் ஒரு வண்டி பேசினார். வண்டிக்காரர் பாஸ் கேட்டார். வில்லேஜ் ஆபீசில் விசாரித்தால் அதுவும் உண்மைதான். மண்ணை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேறொரு ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அது கிடைக்க ஒரு மாதமாவது ஆகும்.

"பதினஞ்சு நாளுக்குள்ள எடுக்கணும்னு நீங்கதான சார் நோட்டீஸ் குடுத்திருக்கீங்க?"

"தலையில சுமந்தா பாஸ் வேண்டா, அண்ணாச்சி" என்றார் வில்லேஜ் ஆபீசர். அவர் கேலி செய்யவில்லை. வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்து, வலியசாலைக்குப் பின்னால் ஒற்றை அறையொன்றுக்கு மாறிய மறுநாள் சுமக்க ஆரம்பித்தார்கள். வன்னியபெருமாள் மம்பட்டியால் வெட்டி இரும்புச் சட்டிகளில் நிரப்பினார். செண்பகவல்லி சுமந்தாள். கொட்ட இடம் ஏது? ஏலாவுக்கு வெளியே ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. அதில் கொட்டினாள். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "கொள்ளாம் அக்கா! பஞ்சாயத்து செய்யாத்த காரியம்!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிவாக்கில் தங்கபாண்டி வந்தான். கண்கட்டை அவிழ்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போ, வெயிலில் நிற்காதே என்றாள். அவன் கேட்கவில்லை.

"கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்று ஒரு சட்டியைத் தூக்கினான்.

குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, இடது கண்ணால் குறி பார்த்து, சட்டியைச் சாய்த்தான். மண் முழுக்கக் குழிக்கு ஒரு முழம் தள்ளித் தார் மேல் விழுந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்பிப் போய் இன்னொரு சட்டி கொண்டுவந்தான். இந்தத் தடவை காலால் தடவி விளிம்பைத் தேடிக்கொண்டு கொட்டினான். அதுவும் வெளியேதான் விழுந்தது.

செண்பகவல்லி அந்த மண்ணைக் காலால் குழிக்குள் தள்ளிவிட்டாள்.