குப்புறப் போடும் மூன்று நிமிடம்

மடவளையில் ஷிராஸ் வீட்டுக் குழந்தை நதா, பிறந்து ஆறு மாதமாகியும் தரையைத் தொட்டதில்லை. உம்மா பஸ்லினாவின் மடி, அவள் கை ஓய்ந்தால் மாமியார் றலியாவின் தோள், கடை பூட்டி வந்ததும் வாப்பா ஷிராஸின் நெஞ்சு. அவள் தூங்கும்போதும் யாராவது ஒருவர் பக்கத்தில் விழித்திருந்தார். இப்படித் தாங்கினால் எந்தப் பிள்ளைதான் கழுத்தை நிமிர்த்தும் என்று ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரியும்.

காரணம் ஸிபான், பஸ்லினாவின் மூத்த பிள்ளை. நாலாம் மாதத்தில் ஒரு காலை அவனாகவே குப்புறப் புரண்டான். வீடு தலைகால் புரியாமல் ஆடியது. மாமி வட்டிலப்பம் அவித்து ஏழு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் பிற்பகல் பஸ்லினா உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, தூக்கத்தில் புரண்ட பிள்ளை மெத்தையில் முகம் புதைந்து கிடந்தான். அந்தி மஃரிபுக்கு முன்னரே மையவாடியில் அடக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

சொல்லாவிட்டால் மட்டும் போய்விடுவானா? கட்டிலில் மடித்து வைத்த போர்வையைக் கண்டாலும் பஸ்லினா எடுத்து உதறிப் பார்ப்பாள். உடுப்புக் கொடியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு கணம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே காலை வைப்பாள்.

நதாவுக்குக் கழுத்து நிற்கவில்லை என்று கண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூளையிலோ நரம்பிலோ ஒரு குறையுமில்லை, வீட்டில் பயிற்சி கொடுத்தால் போதும், ஆனால் இனியும் தள்ளிப் போடக் கூடாது என்றார் டாக்டர். பயிற்சி சொல்லிக் கொடுத்தவள் லோஜினி, கலஹாப் பக்கத்துப் பெண். விழித்திருக்கும் நேரம் பாயில் குப்புறப் போடுங்கள், நெஞ்சுக்கடியில் சுருட்டிய துவாய் ஒன்றை வையுங்கள், முன்னால் இருந்து கூப்பிடுங்கள், ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு ஐந்து தடவை, தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாத்தித்தான் என்று சொல்லி, செய்ததும் அடையாளமிட ஒரு தாளும் கொடுத்தாள்.

முதல் நாள் பஸ்லினா செய்யத்தான் பார்த்தாள். பாயில் குப்புறப் போட்டாள். முகம் கீழே போனது. மேலே தெரிந்தது பிடரி மட்டும்தான். அதே இரட்டைச் சுழி, அதே ஒல்லிக் கழுத்து, காதுக்குப் பின்னால் அதே பூனை முடி. பாயில் கிடந்தது ஸிபான். பஸ்லினா பிள்ளையை வாரி எடுத்து, அது பயந்து அழும்வரை நெஞ்சோடு நெரித்துக்கொண்டாள்.

பிறகு அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். மாமி தொழப் போகும் ஐந்து வேளையும் அறைக் கதவைச் சாத்துவாள். நதாவை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, போனில் மூன்று நிமிடம் ஓடவிட்டு, முடிந்ததும் தாளில் சரி போடுவாள். ஒரு மாதத்தில் நூற்றைம்பது சரி. புருசனுக்கும் மாமிக்கும் அதைப் பார்த்து ஒரே பெருமை.

அடுத்த முறை கண்டிக்குப் போனபோது லோஜினியும் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிள்ளையை வாங்கித் தன் பாயில் குப்புறப் போட்டாள். நதாவின் மூக்கு அப்படியே பாயில் அழுந்தியது. தலை அசையவில்லை, வீறிட்டு அழுதாள். லோஜினி அவளைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு நாளாச்சும் குப்புறப் போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

பஸ்லினா ஸிபானைச் சொன்னாள், கதவைச் சாத்தியதைச் சொன்னாள். அதற்குமேல் ஒன்று இருந்தது. புருசனிடம்கூட அவள் சொல்லாதது.

"இந்தப் புள்ள பொரளவே கூடாதுண்டு நான்தான் மிஸ் துஆ கேட்டேன். வயித்துல ஈக்கக்கொள்ளயே, ஒவ்வொரு தொழுகைக்கும் பொறகு. அல்லாஹ் குடுத்துட்டான்."

லோஜினி பிள்ளையைப் பஸ்லினாவின் மடியில் வைத்தாள்.

"துஆவால இல்லங்க, தரையில போடாததால. தலையத் தூக்கப் பழகுன பிள்ளைதான் மூச்சு முட்டுனா மூஞ்சியத் திருப்பும்."

தைரியம் சொல்லத்தான் சொன்னாள். பஸ்லினாவுக்கோ அது ஸிபானைப் பற்றிய பேச்சாகக் கேட்டது. அவனையும் அந்த வீட்டில் யாரும் தரையில் விட்டதில்லை. தலைப்பிள்ளை, ஆளுக்காள் பறித்துக்கொண்டு தூக்கினார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை பஸ்ஸில் அதே நினைவு அவளைப் பிடுங்கித் தின்றது.

அன்றே தொடங்கினாள். இந்த முறை மாமியிடமும் ஒளிக்கவில்லை. நூற்றைம்பது சரியும் பொய் என்றதும் மாமி வாயில் கையை வைத்தாள். ஏசவில்லை, தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். நதா அழுதாள். பஸ்லினாவும் அழுதாள், ஆனால் தூக்கவில்லை. பிடரியைப் பார்க்கக் கூடாதென்று அவளும் பாயில் குப்புறப் படுத்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள். முதல் வாரம் மூக்குத்தான் தேய்ந்தது. இரண்டாம் வாரம் தலை ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. நாலாம் வாரம் மூன்று நிமிடமும் அழாமல் கிடந்தாள். தாளில் உண்மையான சரிகள் ஏறின.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். விழித்திருந்த நதாவைப் பாயில் மல்லாத்தி விட்டு, அலுமாரியில் மாற்றுடுப்பு எடுக்கத் திரும்பினாள். இரண்டே நிமிடம். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை தானாகப் புரண்டு குப்புறக் கிடந்தாள். முகம் தெரியவில்லை. சுழி இரண்டும் தெரிந்தன, ஒல்லிக் கழுத்து தெரிந்தது. அசைவில்லை.

பஸ்லினா எடுத்த உடுப்போடு அலுமாரியடியிலேயே நின்றாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராத பெயர் தானாக வெளியே வந்தது.

"ஸிபான்!"

பாயில் இரண்டு உள்ளங்கைகள் ஊன்றின. தலை எழும்பியது, நெஞ்சும் எழும்பியது. பிள்ளை முகத்தைத் திருப்பி, கூப்பிட்ட குரலைத் தேடி உம்மாவைப் பார்த்தது. தலை விழவில்லை. அந்த வீட்டில் யாருமே பார்த்திராத அளவுக்கு நெடுநேரம் நின்றது.

பக்கத்து அறையிலிருந்து மாமி தொழுகைத் துப்பட்டியோடு ஓடி வந்தாள். யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டபோது அவள் முகத்தில் இரத்தமில்லை.

பஸ்லினா பாயில் விழுந்து பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியா மாமி," என்றாள். "ஆனா புள்ள திரும்பிப் பாத்தது."