வால்வுக்கு வைத்த பொட்டு

பெட்டிக்குள் படீர் என்றது. மீட்டர் முள் ஒரு துள்ளுத் துள்ளி விழுந்தது. மிஷின் தானாக அணைந்துபோனது.

தேவாரம் ரோட்டுச் சாயப்பட்டறையில் ஈர நூல் கோன்களை ரேடியோ அலையால் காயவைக்கிற மிஷின் அது. பூசை விடுமுறை முடிந்து காலையில் ஓட்டியதும் உள்ளே இருந்த வால்வு, அந்த அலையை உண்டாக்குகிற பீங்கான் குழல், வெடித்தது. இப்போது மாட்டிய புது வால்வும் அதே மாதிரி. மூன்றாவது வால்வு கிடையாது.

"பழசைப் புதுசுன்னு தலையில கட்டிட்டீரா பாய்?" என்றார் மேனேஜர் சசிதரன்.

மெக்கானிக் முஜிபுர் ரஹ்மான் பெட்டிக் கதவைத் திறந்தார். எர்த் கம்பியால் உள்ளே தொட்டு, தங்கிய கரண்டை இறக்கிவிட்டுத்தான் கையை விட்டார். வால்வுக்குள் இழை அறவில்லை. கிரிட் கம்பிவலை ஒட்டிக்கொள்ளவில்லை. குளிர்விக்கிற தண்ணீரும் ஓடுகிறது.

"ரெண்டு வால்வு ஒரே மாதிரி சாகாது சார். இந்தா பாருங்க, பீங்கான் மேல கறுப்பாக் கோடு. வெளியிலதேன் பொறி ஓடியிருக்கு. ஏன்னு தெரியல."

கோன் அடுக்க நின்ற மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். மயிரிழைக் கோடு. அது கிளம்பின இடத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கோனை அப்படியே கீழே வைத்தாள்.

ஆயுத பூசைக்கு மிஷினைத் துடைத்தவள் அவள்தான். உள்ளே இருந்த வால்வுக்கும் அட்டைப்பெட்டியில் இருந்த வால்வுக்கும் திருநீற்றைக் குழைத்துப் பட்டையடித்து, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்தாள். குங்குமம் வழிந்திருக்கவே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். வெள்ளைப் பீங்கானில் அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

போன வருசம் சுவிட்சில் கை வைத்த ஒருத்தியை நின்ற இடத்திலேயே சீட்டுக் கிழித்தவர் மேனேஜர். வாயைத் திறந்தால் இன்றைக்குத் தன் சோறும் போச்சு.

"இன்னொரு தரம் போடும், பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

"இன்னொரு அடி வாங்குனா பீங்கான் விண்டுரும் சார். அப்புறம் குப்பைதேன்."

"போடுங்கிறேன்ல!"

பாய் பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தினார். விரல் சுவிட்சுக்குப் போனது.

"பாய், போடாதீக!" மொக்கம்மாளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "பூசைக்கு ரெண்டுக்கும் திருநீறு வச்சேன். கோடு கிளம்புற எடம் அதுதேன்."

மேனேஜர் திரும்பினார். "உன்னை யாரு அங்கன வைக்கச் சொன்னா?"

"நீங்கதேன் சார். ஒண்ணு விடாம வையி, பெட்டியில இருக்கிறதையும் விட்றாதன்னீக."

பாய் தாடிக்குள் சிரித்தமாதிரி இருந்தது. வால்வைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்தார். வெள்ளைப் பீங்கானில் ஒன்றும் இல்லை. பஞ்சிலோ சாம்பல் அப்பியது. "இந்தச் சாம்பல் உப்பு மேலதேன் கரண்டு ஓடியிருக்கு" என்றார். நாலு பஞ்சு. ஐந்தாவது சுத்தமாக வந்தது. கோட்டை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"விண்டிருக்கான்னு போட்டாத்தேன் தெரியும்."

இழை சூடாகக் காத்திருந்தார்கள். மொக்கம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். சுவிட்சு விழுந்தது. முள் ஏறியது. பாதி. முக்கால். ஒருதரம் நடுங்கியது. விழாமல் அங்கேயே நின்றது.

பெல்ட்டில் நகர்ந்த கோனிலிருந்து ஆவி கிளம்பியது.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஏத்தா, பெல்ட்டு வெறுமனே ஓடுது. கோனை வையி."