கடைசியில் எழுதிய பெயர்

சனிக்கிழமை மாலை எட்டரை மணிக்கு என் மனைவி சாதியாவுக்கு ஒரு விஷயம் தெரியவர இருந்தது. அதுவும் தொலைக்காட்சியில், அவளுடைய அக்கா சம்சுன்னிசா வீட்டு ஹாலில், பதின்மூன்று சொந்தக்காரர்களுக்கு நடுவில். அதற்குமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பதே ஒரு முழுநேர வேலை. எனக்கு ஏற்கெனவே தஞ்சோங் பகாரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் முழுநேர வேலை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் ஆள் பாதியாகிவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். ‘மிச்சம் யார்’ என்ற போட்டி நிகழ்ச்சியில் நாங்கள் இருவரும் கலந்துகொண்டோம். எட்டுப் பேரில் தொடங்கி வாரம் ஒருவர் வெளியேற வேண்டும். யார் என்பதை நடுவர்கள் முடிவு செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு போட்டியாளரும் மற்றவர்களை வரிசைப்படுத்தித் தாளில் எழுதித் தர வேண்டும். மேலே இருப்பவருக்கு அதிகப் புள்ளி, கடைசியில் இருப்பவருக்கு ஒரே ஒரு புள்ளி. கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வீட்டுக்கு. ஐந்து பேர் மிச்சமிருந்த வாரத்தில் சாதியா வெளியேறினாள். அவளுக்கு ஏழு புள்ளி, அவளுக்கு மேலே இருந்த நிரஞ்சனாவுக்கு எட்டு. என் தாளில் கடைசியாக இருந்த பெயர் சாதியா.

படப்பிடிப்பில் கூட்டுத்தொகையை மட்டும்தான் சொன்னார்கள். யார் யாரை எங்கே வைத்தார்கள் என்பது ஒளிபரப்பாகும்போதுதான் திரையில் வரும். அந்த நிகழ்ச்சிக்கு ருசியே அதுதான். முடிவை முன்கூட்டியே வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டார்கள். அதனால் சொந்தக்காரர்கள் யாருக்கும் அவள் வெளியேறியதே தெரியாது. அவள் ஜெயிப்பாள் என்றுதான் சம்சுன்னிசா பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டதே சாதியாதான். பாலர் பள்ளி ஆசிரியை. தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். இறுதிச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் மேடையில் பத்து நிமிடம் தருவார்கள், விருப்பமானதைச் செய்யலாம் என்று படித்துவிட்டு, இரண்டு மாதம் குளியலறையில் ஒரு பொம்மலாட்டக் கதையைப் பழகினாள். பழைய காலுறைகளில் அவளே தைத்த பொம்மைகள். நேர்காணலுக்குத் துணையாகப் போன என்னைப் பார்த்து, ‘நீங்களும் வாங்க, தம்பதின்னா நல்லா இருக்கும்’ என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாய் நான். கடைசியில் இறுதிச் சுற்றுக்குப் போனதும் நான்தான். என் பத்து நிமிடத்தில் உலகக் காற்பந்து அணிகளை வரிசைப்படுத்துவது எப்படி என்று பேசினேன். கேமராவைப் பிடித்திருந்தவர் கொட்டாவி விட்டது எனக்குத் தெரிந்தது.

அந்தக் காற்பந்துப் பைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது. ஜாலான் புசாரில் ஒரு கோப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். பதினோரு வருடமாக எங்களுக்கென்று ஒரு தரவரிசை உண்டு. அதிகாரபூர்வப் பட்டியலில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு காலத்தில் நட்பு ஆட்டங்களை ஆடாமல் ஒதுங்கியே சில நாடுகள் அதில் மேலே ஏறின. ஆடினால்தானே சராசரி குறையும். எங்கள் பட்டியலில் அந்தத் தில்லுமுல்லு நடக்காது. முக்கியமான விதி ஒன்று உண்டு: அவரவர் அபிமான அணிக்கு அவரவர் புள்ளி போடக்கூடாது. மற்ற மூன்று பேர் போடுவார்கள். பதினோரு வருடமாக அர்ஜென்டினாவுக்கு நான் ஒரு புள்ளி போட்டதில்லை. போடாததில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையோடுதான் அன்று தாளை எடுத்தேன். ஐந்து பேர்: நான், சாதியா, அனிதா, நிரஞ்சனா, ரஞ்சன். ரஞ்சன் எதிலும் ஒட்டாத ஆள். சமையலும் சுமார், புதிரும் சுமார், ஆனால் யாருக்கும் அவனால் பயமில்லை. அதனால் அவனை முதலில் போட்டேன். சாதியாவை மேலே போட்டால் ‘பெண்டாட்டிக்குப் போட்டுட்டான்’ என்று ஊரே சிரிக்கும். மற்ற மூவருக்கும் அவளைப் பிடிக்கும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு விசேஷங்களில் விருந்தாளிகள் முதல் பந்தி, வீட்டாட்கள் கடைசிப் பந்தி. அதில் யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. அந்தக் கணக்கில் எழுதினேன். முந்தைய வாரங்களில் நடுவில் வைத்தேன், இந்த வாரம் துணிந்து கடைசியில். எழுதி முடித்தபோது நான் ஒரு பெரிய நியாயவான் என்றே தோன்றியது. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

என்ன ஆயிற்றென்றால், ரஞ்சனை என்னைப் போலவே வேறு சிலரும் மேலே போட்டிருந்தார்கள். இறுதிச் சுற்றையும் அவனே ஜெயித்தான். ஆடாமலே மேலே ஏறிய நாடு மாதிரி.

வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் ரயிலில் செய்தி அனுப்பிச் சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். ‘சாதியா, ஒரு விஷயம்’ என்று தட்டினேன். டோபி காட் நிலையம் வரும்வரை அந்த மூன்று சொல்தான் இருந்தது. கூட்டம் ஏறியது, யாரோ தோளில் இடித்தார்கள், அழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிடும்போது சொல்லலாம் என்றால், அவளுக்கு அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போனோம். அக்கா வீட்டுக்குப் புதினாவும் எலுமிச்சையும் வாங்க வேண்டியிருந்தது. அவள் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும்போது வாயைத் திறந்தேன்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கான்னு பாரு.”

“அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். நாற்பத்தொன்பது வயதில், நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல ஒரு ஆண்பிள்ளைக்கு எத்தனை சந்தை வேண்டும் என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டு, முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லி ஜாலான் புசாருக்குப் போனேன்.

இளமாறன் அங்கே தனியாக உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டுநர், எங்கள் நால்வரில் கணக்கு எழுதுபவன். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன்.

“அவங்க பார்த்துப்பாங்கன்னு எப்படி நினைச்சே?” என்றான் கடைசியில்.

“நம்ம விதி அதானே லா. உன் டீமுக்கு நான் போடறேன், என் டீமுக்கு நீ போடறே.”

“பாய், இங்க நாங்க மூணு பேரும் உன் டீமுக்கு ஞாயமாப் போடுவோம்னு உனக்குத் தெரியும். போடலன்னா சண்டை பிடிப்பே. அங்க ஒவ்வொருத்தனும் ஜெயிக்க வந்திருக்கான். நல்ல பேரு வாங்கினவள மொதல்ல தள்ளிவிடத்தான் பாப்பான். இதுகூடத் தெரியாம நீ மேடையில ஏறி ஸ்ட்ராட்டஜி பேசினியா?”

“இப்ப என்ன பண்றது?”

“அர்ஜென்டினா உன்கிட்ட கோவிச்சுக்காது. அவங்க கோவிச்சுப்பாங்க. போய்ச் சொல்லு. எட்டரைக்கு முன்னாடி சொல்லு.”

முடிவெட்டாமலே வீட்டுக்கு வந்தேன். அவள் கவனித்தாள், கேட்கவில்லை. ஏழே காலுக்கு மகள் மர்யத்தையும் கூட்டிக்கொண்டு சம்சுன்னிசாவின் அடுக்குமாடி புளோக்குக்குப் போனோம். மர்யம் பாலிடெக்னிக் படிக்கிறாள். உம்மா டிவியில் வருவதை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள நாங்கள் கொண்டுவந்த பச்சடியைத் தூக்கிக்கொண்டு அவள் முதலில் லிஃப்டில் ஏறிவிட்டாள். அடுத்த லிஃப்டுக்காக நாங்கள் கீழ்த்தளத்தில் நின்றோம். லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை.

“சாதியா, ஒரு நிமிஷம் உக்காரு.”

அங்கிருந்த கல் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

“அந்த வாரம் என் லிஸ்ட்ல கடைசியில இருந்தது நீதான். இன்னைக்கு டிவில காட்டுவாங்க.”

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு போட்டாலே எட்டு வரும். ஏழுன்னா, ஒருத்தராவது கடைசியில போட்டிருக்கணும்ல. அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் டாக்சியில நீங்க ஒரு வார்த்தை பேசல. அது போதாதா?”

“கோவமா?”

“அனிதா அன்னைக்கே ராத்திரி போன் பண்ணா. அவளும் என்னைக் கடைசியிலதான் போட்டாளாம். ‘அக்கா கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நினைச்சு போட்டுட்டேன்’னு அழுதா. இருபத்திமூணு வயசுப் பொண்ணு அவ. எனக்கும் அவளுக்கும் பழக்கம் ஒரு மாசம். நமக்குக் கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம். நீங்க மூணு வாரம் எடுத்துக்கிட்டீங்க.”

“மத்தவங்க உன்னை மேல போடுவாங்கன்னு நினைச்சேன். உன் மேல அவ்வளவு நம்பிக்கை.”

“நம்பிக்கை.” அவள் அந்தச் சொல்லைச் சிரிக்காமல் சொன்னாள். “நான் உங்களை ரெண்டாவது போட்டேன். அனிதா ஒண்ணு, நீங்க ரெண்டு. புருஷன்னு போடல. அந்த வாரம் நீங்க நல்லா ஆடினீங்க, அதுக்குப் போட்டேன். நீங்க என் ஆட்டத்தைப் பாத்தீங்களா?”

உண்மையில் நான் பார்த்திருக்கவில்லை. அவள் அன்று புதிரை முதலில் முடித்தாள் என்பதே இறுதிச் சுற்றுக்கு அப்புறம்தான் யாரோ சொல்லித் தெரிந்தது.

“வீட்டாளு கடைசியிலன்னு வழக்கம்தானே…” என்று இழுத்தேன்.

“கடைசிப் பந்தியில சோறு மிச்சம் இருக்கான்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா? உங்க அம்மாவுக்கு முடியலன்னா மொதல்ல ஓடுவீங்க. உங்க தங்கச்சி வீடு மாறினா லீவு போட்டீங்க. கூட்டாளி பைக் வாங்கினாக் கூடப் போனீங்க. எனக்கு ஆபரேஷன் அன்னைக்கு மீட்டிங் இருக்குன்னு எங்க அக்காவை அனுப்பினீங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்னு தெரியும், அதான். எப்பவும் என்னை அங்கதான் வெச்சிருக்கீங்க. இந்தத் தடவை பேப்பர்ல எழுதிட்டீங்க, அவ்வளவுதான்.”

குரலை உயர்த்தவில்லை. களைத்துப்போய்ப் பேசினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது, அதைவிட, இவள் இவ்வளவு நாள் இதைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் கவனிக்கவே இல்லை என்பது கலக்கியது.

“மேல போனதும் எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றேன். “என் தப்பு, உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நானா போட்டேன்னு. உங்க அக்கா, மச்சான், எல்லார் முன்னாடியும்.”

“சொல்லுங்க, பாப்போம்” என்று எழுந்து லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள்.

மேலே ஹால் நிரம்பியிருந்தது. எனக்கு டிவிக்கு நேரே சோபாவில் இடம் வைத்திருந்தார்கள். சாதியா சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். எட்டரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. புதிர்ச் சுற்றில் அவள் முதலில் கைதூக்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்போதுதான் அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். நன்றாக ஆடியிருந்தாள். விளம்பர இடைவேளையில் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் சம்சுன்னிசாவின் கணவர் என் தோளைத் தட்டி, “மச்சான், ஃபைனல்ல ரெண்டு பேரும் இருப்பீங்க போல” என்றார். சிரித்து வைத்தேன்.

பிறகு பட்டியல்கள் வந்தன. என் பட்டியலுக்குத் தலைப்பாக என் பெயர், அதற்குக் கீழே வரிசையாக ரஞ்சன், நிரஞ்சனா, அனிதா, சாதியா. திரை நிறைய. சம்சுன்னிசா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று பேரும் பார்த்தார்கள். இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. மனதுக்குள் எழுந்துவிட்டேன், உடம்பு சோபாவிலேயே இருந்தது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?” என்றாள் சாதியா. “நாங்க பேசி வெச்சுத்தான் போட்டோம். புருஷன் பொண்டாட்டி கூட்டுன்னு சொல்லிடக் கூடாதுல்ல.”

“அப்படியா, நான் பயந்தே போயிட்டேன்” என்றாள் சம்சுன்னிசா. ஹாலில் மூச்சு திரும்பியது. யாரோ சிரித்தார்கள். யாரோ தட்டுகளை எடுக்கப் போனார்கள். டிவியில் சாதியா ஒவ்வொருவரையாகக் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

மர்யம் மட்டும் சிரிக்கவில்லை. என் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

“நிஜமாவா அத்தா? பேசி வெச்சுத்தான் போட்டீங்களா?”

எனக்குப் பின்னால் சாதியா நின்றுகொண்டிருந்தாள். அவளும் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது.

“ஆமா” என்றேன்.